இன்வர்ட்டர் பேட்டரி: 1 யூனிட் உங்களுக்கு என்ன விலைக்கு விழுது?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடிக்காரங்க யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஊரிலேயே அனல்மின் நிலையம் இருந்தும் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதுக்கப்புறம் பேட்டரி வாங்கப் போறவங்க நிறைய பேர் கேட்கிற கேள்வி: "ட்யூபுலர் போதுமா, இல்ல கூடக் காசு போட்டு லித்தியம் வாங்கலாமா?" வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. உள்ளே எவ்வளவு இருக்கு?

150 ஏ.ஹெச். ட்யூபுலர்: 150 × 12 வோல்ட் = 1,800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். ஆனா இது 20 மணி நேரம் மெதுவா இறக்கினா கிடைக்கிற அளவு. வேகமா இழுத்தா குறையும். இன்வர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். முழுசா வடிய விட்டா ஆயுசும் போயிடும். அதனால கைக்கு வர்றது சுமார் 1 யூனிட்னு வச்சுக்கோங்க.

100 ஏ.ஹெச். லித்தியம்: 100 × 12.8 = 1.28 யூனிட். இதில் 80% வரை தாராளமா எடுக்கலாம். இதுவும் சுமார் 1 யூனிட்தான்! அதனால ஏ.ஹெச். நம்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

2. எத்தனை மணி நேரம் ஓடும்?

75 வாட் ஃபேன் ஒண்ணு, 9 வாட் பல்ப் ரெண்டு: மொத்தம் 93 வாட். 1 யூனிட்டில் சுமார் 10 மணி நேரம். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டா 20 மணி நேரம். பேட்டரியை மாத்தாமலே டபுள்!

3. எது லாபம்?

பேட்டரியோட விலையை, அது ஆயுசுக்கும் தரப்போற யூனிட்டால வகுங்க. உதாரணத்துக்கு, ட்யூபுலர் ₹15,000, 5 வருஷம், அதிகபட்சம் 800 சைக்கிள். லித்தியம் ₹40,000, 10 வருஷம், 3,000 சைக்கிள்னு வச்சுக்குவோம்.

• வருஷத்துக்கு 30 தடவைதான் முழுசா இறங்குதுன்னா: ட்யூபுலர் 150 யூனிட், யூனிட்டுக்கு ₹100. லித்தியம் 300 யூனிட், யூனிட்டுக்கு ₹133.
• சோலார் போட்டு வருஷத்துக்கு 300 தடவை இறங்குதுன்னா: ட்யூபுலர் 3 வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும், யூனிட்டுக்கு ₹19. லித்தியம் ₹13.

அதாவது, தினமும் பயன்படுத்துறவங்களுக்கு லித்தியம். எப்பவாவது கரண்ட் போற வீட்டுக்கு ட்யூபுலரே போதும். பயன்படுத்தாத சைக்கிளுக்குக் காசு கொடுக்கிறது வீண் செலவு. பழைய ட்யூபுலரைக் கொடுத்தா எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் பணமும் திரும்ப வரும்.

வாங்கும்போது, வாரண்ட்டியில் எத்தனை மாசம் இலவச மாற்று, எத்தனை மாசம் ப்ரோ-ரேட்டான்னு பிரிச்சுக் கேளுங்க. ப்ரோ-ரேட்டா காலத்தில் புது பேட்டரிக்குத் தள்ளுபடி மட்டும்தான் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. எந்த பேட்டரியா இருந்தாலும் தரையில் வைக்காதீங்க. போன வெள்ளத்தில் உங்க வீட்டில் தண்ணி எவ்வளவு ஏறுச்சோ, அதுக்கு மேல ஸ்டாண்டு போட்டு வைங்க. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிச்சா, மேலே போட்ட கணக்கு மொத்தமும் தண்ணியில போயிடும்.