உலோகத்தைப் பற்றும் மருந்து

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக வயல் மண்ணிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன நுண்ணுயிர் ஒன்று பொன்மஞ்சள் நிறத்தில் சுரந்த பொருளை, லெடர்லி ஆய்வகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகர் 1948-இல் உலகுக்கு அறிவித்தார். ஆரியோமைசின் எனப் பெயர்பெற்ற அதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து. அப்போது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வரிசையாக ஒட்டிய நான்கு வளையங்களைக் கொண்ட இம்மூலக்கூறின் ஒரு விளிம்பிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உலோக அயனிகளை இறுகப் பற்றும் இயல்புடையவை. மக்னீசியத்தைப் பற்றிய நிலையில்தான் அது பாக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது புரதம் தொகுக்கப்படும் உறுப்பில், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. அமர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. புரதம் கிடைக்காத பாக்டீரியா பெரும்பாலும் உடனே மடிவதில்லை; பெருக முடியாமல் முடங்குகிறது, எஞ்சியதை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் முடித்துவைக்கிறது.

மருந்தின் தொல்லைகள் சிலவற்றுக்கும் இதே பற்றுதான் வேர். பாலிலுள்ள கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான அலுமினிய மருந்து ஆகியவற்றோடு சேர்ந்தால் அது குடலில் உறிஞ்சப்படாத சேர்மமாகிவிடுகிறது. வளரும் பல்லின் கால்சியத்தோடு பிணைந்தால் மஞ்சளாகவும் நாளடைவில் பழுப்பாகவும் நிலைத்த கறையை விடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் இம்மருந்துகள் விலக்கப்பட்டது இதனால்தான்.

1967-இல் பயன்பாட்டுக்கு வந்த டாக்சிசைக்ளின், கால்சியத்தோடு குறைவாகவே பிணைவதோடு, கொழுப்பில் எளிதில் கரைவதால் மனித உயிரணுவுக்குள்ளும் புகவல்லது. தமிழகத்திலும் பரவலாகக் காணப்படும் ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலில் அதன் அருமை விளங்கும். இளம்பூச்சி நிலையிலுள்ள நுண்ணுண்ணி கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு தோன்றும். ஆடை விலக்கித் தேடாத மருத்துவருக்கு அது தென்படாமலே போகும். நோய்க்கிருமியான ஓரியன்ஷியா உயிரணுக்களுக்குள் குடியிருப்பது என்பதால் பெனிசிலின் வகை மருந்துகள் பயனளிப்பதில்லை. டாக்சிசைக்ளின் தொடங்கினால் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாள்களுக்குள் தணியும். நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து சிரைவழி செலுத்துவது தனித்தனியே கொடுப்பதைவிட மேலானது என, இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பல்லில் கறை படியும் என்ற பழைய அச்சத்தால் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு டாக்சிசைக்ளினை மறுப்பது மிகத் தவறான கணக்கு. 21 நாள்களுக்கு மிகாத சிகிச்சையாக அதை எவ்வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வழிகாட்டியுள்ளது. சிகிச்சை தாமதமான உண்ணிக் காய்ச்சலோ நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது.