‘சிலப்பதிகாரத்துலயே இருக்கு ப்ரோ!’ - மேற்கோள் மட்டும் ஆதாரம் ஆகிடுமா?

"சிலப்பதிகாரத்துலயே இருக்கு ப்ரோ." வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டையை முடித்துவைக்க இந்த ஒரு வரி போதும். யாரும் நூலைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் இதையே ஒரு கட்டுரையிலோ தேர்வுத்தாளிலோ எழுதினால், படிப்பவர் கேட்பார்: ‘சரி, இருக்கு. அதனால என்ன?’

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்பதற்குத் தமிழிலேயே ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. அதன் நாயகன், இலங்கை மன்னன் கயவாகு.

சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதை, வஞ்சிக் காண்டத்தில் வரும் வரந்தரு காதை. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்த அரசர்களில் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்கிறது அது. இன்னொரு பக்கம், இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான மகாவம்சத்தில் கஜபாகு என்ற மன்னன் இருக்கிறான். அவன் காலம் கி.பி. 2-ம் நூற்றாண்டு. இரண்டையும் சேர்த்து, ‘அப்படியானால் செங்குட்டுவனும் 2-ம் நூற்றாண்டுதான்’ என்றார்கள் அறிஞர்கள். வி.கனகசபை 1904-ல் வெளியிட்ட, 1800 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர் பற்றிய ஆங்கில நூல் இந்த வாதத்தை முன்வைத்தது. செங்குட்டுவன் காலம் கிடைத்தால், அவனைப் பாடிய புலவர்களின் காலமும் கிடைக்கும். சங்க காலக் கணிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு பெயரைப் பிடித்துத் தொங்கியது என்றே சொல்லலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் எங்கே?

காப்பியம் தருவது பெயர் மட்டும்தான். ஆண்டு மகாவம்சக் கணக்கிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே ஆள் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. அது எழுதுபவர் போடும் பாலம். இலங்கையில் 12-ம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகுவும் ஆண்டிருக்கிறான். ‘அவன் ரொம்பப் பிந்தியவன், அதனால் முதலாமவன்தான்’ என்று தள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது நூல் தந்த ஆதாரம் இல்லை, நம் அனுமானம். அதை அனுமானம் என்றே எழுதிவிட்டால் நேர்மை.

அடுத்தது மௌனம். முதலாம் கஜபாகுவைப் பற்றிப் பேசும் மகாவம்சம், கண்ணகி விழாவைப் பற்றியோ செங்குட்டுவனைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதை மட்டும் வைத்து ‘விழாவே நடக்கவில்லை’ என்று முடிவுகட்ட முடியாது. பௌத்த பிக்குகள் தொகுத்த நூலுக்கு அதில் அக்கறை இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் தன் வாதத்துக்கு எதிரான இந்த மௌனத்தைக் கட்டுரையாளர் மறைத்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே நம்பிக்கை இழப்பார். இலங்கையின் பத்தினி வழிபாட்டை ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கஜபாகு கதைகளை வரலாறாக அல்ல, தொன்மமாகவே படிக்க வேண்டும் என்று வாதிட்டார்.

அப்போ அந்தக் கயவாகு வரியால் பயனே இல்லையா? இருக்கு. ‘செங்குட்டுவன் 2-ம் நூற்றாண்டு மன்னன் என்று சிலப்பதிகாரம் நிரூபிக்கிறது’ என்ற வாக்கியத்தை அந்த வரி தாங்காது. ‘சிலப்பதிகாரம் எழுதப்பட்ட காலத்தில், இலங்கை மன்னனையும் பத்தினி வழிபாட்டையும் இணைத்துப் பார்க்கும் மரபு இருந்தது’ என்பதைத் தாராளமாகத் தாங்கும். இரண்டாவது வாக்கியத்தில் கெத்து கம்மிதான். ஆனால் உடைப்பது கஷ்டம்.

இதே சர்ச்சையில் பலரும் வழுக்குவது பதிற்றுப்பத்தில். ‘செங்குட்டுவன் பத்தினிக்குக் கல் எடுத்தது அதிலும் இருக்கே’ என்பார்கள். இருக்கிறது, ஐந்தாம் பத்தின் பதிகத்தில். பதிகங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது பொதுவான கருத்து. செங்குட்டுவனை நேரடியாகப் பாடிய பரணரின் பத்துப் பாடல்களிலோ கண்ணகி இல்லை. எனவே ‘பதிற்றுப்பத்தில் இருக்கிறது’ என்று எழுதுபவர், பாட்டிலா பதிகத்திலா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.