நாற்றுப் பந்தலுக்கு அலுமினியச் சட்டங்களை இணைத்தல்

தக்காளி, கத்தரி, கறிமிளகாய், கோவா முதலியவற்றின் நாற்றுக்களைக் கடும் மழையினின்றும் வெயிலினின்றும் காப்பதற்கு மேடைமீது சிறு கூரைப் பந்தல் அமைத்தல் நன்று. வீடு திருத்தும்போது கழற்றப்படும் யன்னல், கதவுகளின் அலுமினியக் குழாய்ச் சட்டங்களை இதற்குப் பயன்படுத்தலாம். இவற்றைக் கறையான் அரிப்பதில்லை. எடை உருக்கின் மூன்றிலொரு பங்கேயாதலால் இருவர் தூக்கி நிறுத்திவிடலாம்.

ஆயினும், அலுமினியத்தின் வளையாத் தன்மையும் உருக்கின் மூன்றிலொரு பங்கே. பொலித்தீன் கூரை தொய்ந்து, ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அந்நீரின் நிறை 10 கிலோகிராம் ஆகும். அந்நிறையால் சட்டம் வளையும். வளைந்த இடத்தில் மேலும் நீர் சேரும். இவ்வாறு ஓரிரவு மழையிற் கூரை சரிந்தால் நாற்று அழிவதுடன் நடுகைக் காலமும் தவறிவிடும். எனவே இரு சட்டங்களை இணைத்து ஒரு வளையாக்குதல் அவசியமாகலாம்.

இணைக்கும் முறை எது?

ஒரே அளவான இரு சதுரக் குழாய்களைப் பக்கம் பக்கமாகக் கிடத்தினால், அவை ஒரு குழாயின் இரு மடங்கு உறுதியையே தரும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கம்பியாற் கட்டினாலும் பயன் அவ்வளவே. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதவாறு இறுக்கிப் பொருத்தினால், வளையாத் தன்மை ஏறக்குறைய ஐந்து மடங்காகும்.

இதன் காரணத்தை வீட்டிலேயே காணலாம். இரு பனஞ் சலாகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் அழுத்துக. முனைகளில் ஒன்று மற்றொன்றின் மீது நழுவுவதைக் காண்பீர்கள். இந்நழுவலைத் தடுப்பதே இணைப்பின் முழு நோக்கமாகும்.

செய்முறை

1. சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு பக்கங்களிலும் பொருந்துவாயின் குறுக்கே அலுமினியத் தகட்டுத் துண்டுகளை வைக்க. ஒவ்வொரு துண்டையும் மேற்சட்டத்தில் இரண்டும் கீழ்ச்சட்டத்தில் இரண்டுமாக, றிவெற்று எனப்படும் தறையாணிகளாற் பொருத்துக.

2. பரவலான சுமையின்போது நழுவும் விசை முனைகளிலேயே அதிகம், நடுவிற் குறைவு. ஆகவே நடுப்பகுதியில் ஓரடிக்கு ஒன்றும், முனைகளை அண்டி அரையடிக்கு ஒன்றுமாகத் தகடுகளை இடுக.

3. கீழ்ச்சட்டத்தின் அடிப்புறத்தில், நடுப்பகுதியில் துவாரம் இடலாகாது. இழுவிசை அங்கேயே மிகுதி.

4. நெடும் புரியாணியை இரு குழாய்களினூடும் செலுத்தி முடுக்கினால் மெல்லிய சுவர் நசுங்கும். அவ்விடத்தில் உள்ளே மரக்கட்டை செருகிய பின்னரே முடுக்குக.

5. வேலை முடிந்ததும் இரு முனைகளிலும் இரண்டு சட்டங்களையும் கடந்து செல்லுமாறு பென்சிலால் நிலைக்குத்துக் கோடு இடுக. முனைகளைத் தாங்கிகளில் வைத்து, நடுவில் நீர் நிரம்பிய வாளியைத் தொங்கவிடுக. கோடு பொருந்துவாயில் விலகினால் இணைப்புத் தளர்ந்துள்ளது. மேலும் தறையாணிகள் இடுக.

தவிர்க்க வேண்டியவை

செப்புக் கம்பி, பித்தளை ஆணி ஆகியவற்றை அலுமினியத்துடன் சேர்த்தல் கூடாது. ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கப்படும். துருசும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவை, ஈரச் சாம்பல், ஈரச் சீமெந்து என்பனவும் கேடு செய்வன. கலவை தெறித்தால் உடனே நீராற் கழுவுக. நிலத்திற் புதையும் கால்களுக்குத் தார் பூசுக.

ஈற்றில் ஒன்று: இணைக்க முற்படுமுன், நடுவில் ஒரு கால் நாட்ட இடமுண்டா எனப் பார்க்க. தாங்கிகளுக்கு இடையிலான தூரம் பாதியானால், நடுவில் வைக்கும் அதே சுமைக்கு வளைவு எட்டிலொரு பங்காகக் குறையும். பாத்திகளுக்கு இடையூறின்றிக் கால் நாட்ட முடியுமாயின் அதுவே செலவு குறைந்த வழி. முடியாத இடத்திலேயே இரட்டைச் சட்டம் வேண்டும். அங்கு அதை வழுக்காதவாறு இணைப்பீர்களாயின், நாற்று மழையிலும் பிழைக்கும்.