ஆகஸ்ட் 16: ஒரு ரசிகர் கூட்டத்தின் திவசம்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு கேள்வியைச் சந்திப்பார்கள். "நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதே அது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம் என்று வளரும் நம் குழந்தைகள் இந்த ஊர்க்காரர்களாகிவிடுவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நாளில்தான். அவர்கள் சேர்ந்துகொண்ட இந்தக் கூட்டம் தன் கூட்டத்தில் இறந்தவர்களை எப்படி நினைவு கொள்கிறது என்பது பெற்றோராகிய நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் வரலாறு. மோகன் பகான் 1889-ல் தொடங்கப்பட்டது. 1911-ல் வெறுங்காலுடன் ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கிளப் அது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்த அகதிகளுக்கு அந்தக் கிளப்பே சொந்த ஊர் போலாயிற்று. ஒரு தரப்புக்கு இறால், மறு தரப்புக்கு இலிஷ் மீன். ஜெயித்த கட்சியின் மீனுக்கு அன்று மார்க்கெட்டில் கிராக்கி. சைவச் சாப்பாட்டுக்காரர்களான நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், அவர்களுக்கு விளையாட்டல்ல.

1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் லீக் ஆட்டத்தில் இரண்டு கிளப்புகளும் மோதின. வேலை மாற்றலாகி இந்நகருக்கு வந்து நான்காண்டுகள் ஆகியிருந்த நான், பக்கத்து வீட்டு ரேடியோவில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். களத்தில் இரு அணி வீரர்களுக்கிடையே தகராறு மூண்டு, அதன் சூடு கேலரிக்குப் பரவியது. இரு தரப்பு ரசிகர்களும் பிரிக்கப்படாமல் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைக்கப்பட்டிருந்தனர். கைகலப்பும் கல்வீச்சும் தொடங்கவே, மக்கள் வெளியேறும் வழியை நோக்கி ஓடினர். ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. பதினாறு ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. அன்று மாலை எங்கள் பாடாவில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் நின்று, ஆட்டத்துக்குப் போன பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நெரிசலில் மனிதர் மிதிபட்டே சாகிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பலர் நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள். முன்னால் வழி குறுகி, பின்னால் இருப்பவர் அதை அறியாமல் தள்ளும்போது, நடுவில் சிக்கியவரின் மார்புக்கூடு விரிய இடமில்லாமல் போகிறது. வலிமையுள்ளவனும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இது வெறும் ரசிகர் வெறியால் நேர்ந்ததென்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இடம் பிரிப்பது, வழி அமைப்பது, கூட்டத்தைக் கணக்கிட்டு அனுமதிப்பது ஆகிய பொறுப்புகள் மைதானத்தை நடத்துபவர்களுடையவை. 1984-ல் திறக்கப்பட்ட சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இன்று இரு தரப்பாருக்கும் தனித்தனிக் கேலரிகள் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதினாறு பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

வங்கக் கால்பந்தை நிர்வகிக்கும் ஐ.எஃப்.ஏ. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர் தினமாக அனுசரிக்கிறது. மாலை சாத்துவதோடு முடிவதில்லை; அன்று ரத்ததான முகாம் நடக்கும். இறந்தவர்களில் இரு கிளப்பின் ரசிகர்களும் உண்டு. கொடுக்கும் ரத்தத்துக்குக் கிளப் நிறம் கிடையாது. நாம் திவசத்தன்று அன்னமிடுகிறோம். இவர்கள் ரத்தம் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: போனவர் பெயரால் இருப்பவர் ஒருவர் பிழைக்கட்டும். ஆட்டத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு பிள்ளையைப் பற்றி மன்னா டே பாடிய பாட்டை இன்றும் இங்கே பெரியவர்கள் கண் கலங்காமல் கேட்பதில்லை.

தனி மனிதர் இறந்தாலும் இந்த மரபு தொடர்கிறது. பழைய ஆட்டக்காரர் காலமானால் உடலைக் கிளப்புக்குக் கொண்டுவந்து கொடி போர்த்துவார்கள். சாதாரண ரசிகருக்கும் அந்த மரியாதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஈஸ்ட் பெங்கால் பக்தரான ஒரு பெரியவர் தவறிப்போனார். மகன் வெளிநாட்டில், வந்து சேர இரண்டு நாளாகும். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் மூவர், அவரை வாழ்நாளெல்லாம் சீண்டிக்கொண்டிருந்த மோகன் பகான்காரர்கள். சிவப்பும் பொன்னிறமுமான கொடியை அவர் மேல் ஒழுங்காக இழுத்துவிட்டதும் அவர்களில் ஒருவர்தான். "இனி யாரோடு சண்டை போடுவேன், தாதா?" என்று அவர் கேட்டதைக் கேட்டு நானும் அழுதுவிட்டேன்.

2024 ஆகஸ்டில் இந்நகர மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தாயிற்று. அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டார்கள். 1980-ல் ஒரே கேலரியில் அடித்துக்கொண்ட கூட்டத்தின் பிள்ளைகளும் பேரன்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

உறவினர் ஆயிரம் மைல் தொலைவில் இருக்க, வேற்றூரில் வாழும் நமக்கு இதில் கற்க வேண்டியது உண்டு. நம் வீட்டில் துக்கம் நேர்ந்தால் முதலில் வந்து நிற்பவர்கள் இந்தப் பாடாப் பிள்ளைகள்தான். அவர்கள் துக்கத்தில் நாமும் நிற்க வேண்டாமா? 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமான எவரும் ரத்தம் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லிலிட்டர்தான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

ஆட்டத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: இருக்கையில் அமர்ந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துக்கொள், ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்காதே. வரும் ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலையில், பிள்ளை எந்தக் கட்சியானாலும் சரி, அவனைக் கூட்டிக்கொண்டு ரத்ததான முகாமுக்கு வாருங்கள். நானும் வருகிறேன், வயது வரம்பைத் தாண்டிவிட்டதால், வரிசையில் நிற்பவர்களுக்குத் தேநீர் எடுத்துக் கொடுக்க.