நாட்டின் நம்பர் ஒன் ஆட்டக்காரர் ஏன் மூணாவது டிவிஷன்ல ஆடுறார்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு அயர்லாந்து பக்கம் போறோம். ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கிறேன்.

2022 ஜூலை. டப்ளின் நகரத்துல இருக்கிற க்ரோக் பார்க் மைதானம், 82,000 பேருக்கு மேல உட்காரலாம். அங்கே கேலிக் ஃபுட்பாலோட தேசிய இறுதிப் போட்டியில கெர்ரி அணி ஜெயிக்குது. அந்த அணியோட நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட். அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அடுத்த ஜனவரியில அதே மைதானத்துல அவர் இன்னொரு தேசிய ஃபைனல் ஆடுறார். இந்தத் தடவை நாட்டோட மூணாம் நிலை கிளப்களுக்கான போட்டியில!

காயம் இல்லை, ஃபார்ம் போகலை, யாரும் அவரைக் கழட்டி விடவும் இல்லை. அப்புறம் எப்படி?

முதல்ல ஆட்டம்

ஒரு அணிக்கு 15 பேர். உருண்டையான பந்து, கையிலயும் எடுக்கலாம், காலாலயும் உதைக்கலாம். கையில வச்சுக்கிட்டு நாலு அடிக்கு மேல ஓடக் கூடாது. பந்தைத் தரையில தட்டணும், இல்லைன்னா காலால தட்டி மறுபடி கைக்குக் கொண்டு வரணும். கோல் கம்பம் எச் எழுத்து வடிவத்துல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள்ள போனா கோல், அதுக்கு 3 பாயின்ட். கம்பிக்கு மேலே போனா 1 பாயின்ட். 2025-ல வந்த புது விதிப்படி, 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து மேலே அடிச்சா 2 பாயின்ட்.

ஸ்கோரை 1-13-னு எழுதுவாங்க. ஒரு கோல், 13 பாயின்ட்னு அர்த்தம். மொத்தம் 16.

சம்பளம் இல்லை, டிரான்ஸ்ஃபர் மார்க்கெட் இல்லை

இந்த ஆட்டத்தை நடத்துறது 1884-ல தொடங்கின கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமா ஜிஏஏ. இங்கே யாருக்கும் ஆடுறதுக்குச் சம்பளம் கிடையாது. கிளிஃபர்ட் ஒரு பள்ளி ஆசிரியர்.

அதைவிட முக்கியம், கிளப்பை நீங்க தேர்ந்தெடுக்கிறது இல்லை. எந்த ஊர்ல வளர்ந்தீங்களோ, அந்த ஊர் கிளப்தான் உங்க கிளப். வீடு மாறினா கிளப் மாற வழி இருக்கு, ஆனா நிறைய பேர் மாற மாட்டாங்க. டப்ளின்ல வேலை பார்த்துட்டு, வார இறுதியில மணிக்கணக்கா கார் ஓட்டி ஊருக்குப் போய் ஆடுறவங்க ஏராளம். கவுன்ட்டி அணிங்கிறது அந்தக் கவுன்ட்டியில இருக்கிற எல்லா கிளப்லேர்ந்தும் பொறுக்கி எடுத்த அணி. நீங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், சீசன் முடிஞ்சதும் உங்க ஊர் ஜெர்சிக்குத் திரும்பணும்.

கிளிஃபர்ட்டோட ஊர் ஃபோஸா. கில்லார்னி பக்கத்துல ஒரு சின்ன இடம். அந்த கிளப் அப்போ கெர்ரியில மூணாம் நிலையில இருந்தது. புதிருக்கு விடை அவ்வளவுதான்.

ஜூனியர்னா சின்னப் பசங்க இல்லை

கிளப்கள் மூணு தட்டு: சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர். இது வயசு இல்லை, தரம். ஒவ்வொரு கவுன்ட்டியிலயும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாம்பியன் வருவாங்க. அவங்க மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கானாக்ட்னு நாலு மாகாணத்துக்குள்ள மோதுவாங்க. மாகாண சாம்பியன்கள் அரையிறுதிக்குப் போவாங்க. ஃபைனல் க்ரோக் பார்க்ல.

கடைசித் தட்டுல இருக்கிற ஒரு கிராமத்துக்கும் நாட்டோட மிகப் பெரிய மைதானத்துல கப்பைத் தூக்க ஒரு நேர் வழி இருக்கு. இன்னொரு அழகு, ஜெயிச்ச கிளப் மேல் தட்டுக்குப் போயிடும். அதனால அடுத்த வருஷமே வந்து அதே கப்பை மறுபடி தூக்க முடியாது. பெரும்பாலான ஊருக்கு இது ஆயுசுக்கு ஒரு தடவை வர்ற நாள்.

சிக்கல் எங்கே?

2023 ஜனவரி 15. ஒரே நாள், ஒரே மைதானம், ரெண்டு ஃபைனல். ரெண்டுமே கெர்ரிக்கும் வடக்கே இருக்கிற டைரோன் கவுன்ட்டிக்கும் நடுவுல. ஜூனியர்ல ஃபோஸா 0-19, ஸ்டூவர்ட்ஸ்டவுன் ஹார்ப்ஸ் 1-13. கணக்குப் போடுங்க: 19க்கு 16. கடைசியில ஆட்டம் சூடாகி ரெட் கார்டு பறந்தது. டேவிட்டும் அவர் அண்ணன் பாடியும் ரெண்டு பேருமே வெளியே. இன்டர்மீடியட்ல கெர்ரியோட ராத்மோர், டைரோனோட கால்பாலி பியர்ஸஸை ஜெயிச்சது. ராத்மோர்ல ஷேன் ரயன்னு ஒருத்தர். கெர்ரி அணிக்கு அவர் கோல்கீப்பர், ஊர் அணிக்கு முன்கள ஆட்டக்காரர்!

ரெண்டு கப்பும் கெர்ரிக்கே. தற்செயலா? முழுசா இல்லை. புரோகிராமர் பாஷையில சொன்னா, ‘இன்டர்மீடியட்’ங்கிறது குளோபல் கான்ஸ்டன்ட் இல்லை, ஒவ்வொரு கவுன்ட்டியும் தானே மதிப்பு குடுக்கிற லோக்கல் வேரியபிள். டைரோன்ல சீனியர் தட்டுல 16 கிளப். கெர்ரியில அப்போ 8தான். ஏன்னா, அங்கே சின்ன கிளப்கள் சேர்ந்து வட்டார அணியாவும் சீனியர் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்ல ஆடும். கிளிஃபர்ட்கூட அப்படி ஈஸ்ட் கெர்ரிக்காக ஆடி கவுன்ட்டி கப் ஜெயிச்சிருக்கார். ஆனா அந்தக் கூட்டணி அணி மாகாண கிளப் போட்டிக்குப் போக முடியாது. விளைவு என்னன்னா, கெர்ரியில ஒன்பதாவது நல்ல கிளப் ரெண்டாம் தட்டுல நிக்குது. வேற கவுன்ட்டியில அதே தரத்துல இருக்கிற கிளப் சீனியர்.

‘இது நியாயமா?’ன்னு மத்த கவுன்ட்டிக்காரங்க கேட்கிறதுல அர்த்தம் இருக்கு. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வர்ற வாய்ப்பு, எதிர்ல நாட்டோட பெஸ்ட் பிளேயர்னா யாருக்குத்தான் வலிக்காது? ஆனா அதைத் தடுக்கணும்னா கிளிஃபர்ட்டை அவர் ஊர்லேர்ந்து பிரிக்கணும். அப்படிப் பிரிச்சா இந்தப் போட்டிக்கு அர்த்தமே இருக்காது. என்னைக் கேட்டா, சரி பண்ண வேண்டியது தட்டு பிரிக்கிற கணக்கை. ஊர் விதியைத் தொடக் கூடாது.

ஏன்னா பெரிய ஆபத்து வேற இடத்துல இருக்கு. படிப்பு, வேலைன்னு இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போறாங்க. 15 பேர் தேறாம, பரம்பரை எதிரியான பக்கத்து ஊரோடயே சேர்ந்து அணி இறக்குற கிராமங்கள் இருக்கு. அந்த மாதிரி ஊருக்கு, ஊர்ப்பேரோட க்ரோக் பார்க் போற இந்த ஒரு பாதை, வெளியே போன பையனைச் சனிக்கிழமை திரும்ப வர வைக்கிற காரணம்.

அடுத்த ஜனவரியில ஸ்கோர் வந்தா பாருங்க. இப்போ உங்களுக்குப் படிக்கத் தெரியும். கோலை மூணால பெருக்க மறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.