ஜெமினி பாலத்தில் குதிரை சிலை ஏன்? கிண்டி ரேசில் கொடிகட்டிப் பறந்த 'டிப்ஸ்' வாத்தியார்கள்!

சென்னை,

ஜெமினி மேம்பாலம் பக்கம் போனவர்கள் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார்கள். திமிறி நிற்கும் குதிரையை ஒரு ஆள் மல்லுக்கட்டி அடக்குகிற சிலை. ஏதோ ராஜா காலத்து வீரன் என்று நினைத்துக்கொண்டு பஸ்சில் கடந்து போனவர்களே அதிகம்.

ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை. கிண்டி குதிரை ரேசுக்கு மூடுவிழா நடத்தியதன் ஞாபகமாக வைத்த சிலை அது. 1974-ல் கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது குதிரைப் பந்தயத்தை ஒழிக்க சட்டம் வந்தது. 1975 மார்ச் 31-ந் தேதி முதல் அமல் என்று அறிவிப்பும் வந்தது.

சிலை நின்றது. ரேஸ் நிற்கவில்லை! கிளப் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கியது. குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. பின்னாலேயே ஜனமும் ஓடியது.

சிலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. அந்த இடத்துக்குப் பேர் கொடுத்த ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர் எஸ்.எஸ்.வாசன் பெரிய ரேஸ் பிரியர். ஓடி ஜெயித்த குதிரையின் பேரைத்தான் ஸ்டூடியோவுக்கு வைத்தார் என்று சினிமாக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்வார்கள். மனைவியின் ராசி மிதுனம், அதனால்தான் ஜெமினி என்று சொல்பவர்களும் உண்டு. எது எப்படியோ, குதிரையை அடக்கும் சிலையை அங்கே கொண்டுபோய் வைத்தது வேடிக்கைதான்.

கிண்டியில் குதிரை ஓட ஆரம்பித்தது 1777-ல். மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896-ல். வெள்ளைக்காரத் துரைகள், ஜமீன்தார்கள், செட்டிநாட்டு எம்.ஏ.எம்.ராமசாமி மாதிரி குதிரை வளர்த்த கோடீசுவரர்கள் என்று மேல் வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது புத்தகத்தில் வந்துவிட்டது. கீழே வெயிலில் நின்ற கூட்டத்தின் கதைதான் யாரும் எழுதி வைக்காதது.

ரிட்டர்ன் டிக்கெட் முதலில்

லேத் பட்டறை, அச்சாபீஸ், கொத்தவால்சாவடி மூட்டை வேலை, ஆட்டோ, மில் ஷிப்டு என்று உழைத்த கூட்டம் அது. ரேஸ் அன்றைக்கு மின்சார ரெயிலில் தொற்றிக்கொண்டு கிண்டியில் இறங்கும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்து, உள் பாக்கெட்டில் தனியாக வைத்துக்கொள்வார்கள். கடைசி ரேஸ் முடிந்து வெளியே வரும்போது பாக்கெட்டில் அது மட்டும்தான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். எடுக்காதவர்கள் சைதாப்பேட்டை வரை நடைதான்.

உள்ளே போனால் அது தனி உலகம். 'வின்' என்றால் முதலில் வரவேண்டும். 'பிளேஸ்' என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும், காசு குறைவு. முதல் இரண்டு குதிரையைச் சொன்னால் 'குயினெல்லா'. முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னால் 'டனாலா'. அஞ்சு ரேசில் அஞ்சும் ஜெயித்தால் 'ஜாக்பாட்'. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர்கள்கூட இந்தக் கணக்கையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள்.

இதில் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். போன ரேசில் எந்தக் குதிரை எப்படி ஓடியது, எத்தனை மீட்டர் ஓட்டத்துக்கு எது தாங்கும், ஜாக்கி யார், டிரெய்னர் யார், முதுகில் எவ்வளவு எடை என்று பார்ப்பார்கள். எடை முக்கியம். 'ஹேண்டிகேப்' ரேஸ்களில் நல்லா ஓடுகிற குதிரைக்கு அதிக எடையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் வைப்பார்கள். அப்போதுதான் எல்லாம் சரிக்குச் சரியாக வரும். ரேசுக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வேர்வையையும் காது நிற்கிற விதத்தையும் பார்த்தே "இது இன்னைக்கு ஓடாதுப்பா" என்று சொல்கிற ஆள் இருந்தார்.

ஆனால் அப்படிப் படித்துப் பார்க்க ரேஸ் புத்தகம் வேண்டும். அது பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். போதாதற்கு பொடி எழுத்து, நம்பருக்கு மேல் நம்பர். குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் நடப்பதோ விடியற்காலையில். ஷிப்டுக்குப் போகிறவன் எப்போது போய் பார்ப்பான்?

இந்த இடைவெளியில் நுழைந்தவர்தான் 'டிப்ஸ்' கொடுக்கும் ஆள்.

"அஞ்சாம் நம்பரை விடாத வாத்தியாரே!"

ரெயிலடி, டீக்கடை, ரேஸ் கோர்ஸ் வாசல் என்று எங்கும் நிற்பார். காதில் பென்சில், கக்கத்தில் மடித்த இங்கிலீஷ் பேப்பர். சத்தமாகப் பேசமாட்டார். "வாத்தியாரே, லாயத்துல இருந்து வந்த சேதி. மூணாவது ரேஸ்ல அஞ்சாம் நம்பர். யார்கிட்டயும் சொல்லிடாத" என்று காதைக் கடிப்பார். குதிரைக்குப் புல் போடுகிற ஆள் தன் மச்சான் என்பார். டிரெய்னர் வீட்டில் டிரைவராக இருந்தேன் என்பார். சிலர் கையால் எழுதி நகல் எடுத்த சீட்டை மடித்து விற்பார்கள். ஒரு சீட்டு ஒரு டீ, பன் விலை.

யோக்கியமானவர் காசு முன்பணமாகக் கேட்கமாட்டார். "ஜெயிச்சா பார்த்துக் குடுங்க" என்பார். இதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஒரு ரேசில் 8 குதிரை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்காரர் காலையில் இருந்து 80 பேரைப் பார்க்கிறார். முதல் 10 பேரிடம் ஒண்ணாம் நம்பர், அடுத்த 10 பேரிடம் ரெண்டாம் நம்பர் என்று எட்டு குதிரைக்கும் பிரித்துச் சொல்லிவிடுகிறார். எந்தக் குதிரை ஜெயித்தாலும் 10 பேர் ஜெயித்தே தீரவேண்டும். அந்த 10 பேர் ஓடிவந்து ஆளுக்கு 20 ரூபாய் கொடுத்தால் 200 ரூபாய். இவர் கைக்காசு ஒரு பைசா செலவில்லை. எல்லாரிடமும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஏன் சொன்னார் என்பது இப்போது புரியும்.

மீதி 70 பேர்? சண்டைக்கு வரமாட்டார்களா? வருவார்கள். அதற்கும் பதில் தயார். "ஜாக்கி இழுத்துப் புடிச்சுட்டான் வாத்தியாரே, நீயே பார்த்தியே. குதிரை ஓடத் தயார், அவன் விட்டாத்தானே!" தோற்றவனுக்கும் அந்த விளக்கம்தான் பிடிக்கும். தன் காசு முட்டாள்தனத்தில் போகவில்லை, சதியில் போச்சு என்றால் மனசு ஆறும். அடுத்த வாரம் அதே ஆளிடம் மறுபடி வருவான்.

ஜெயித்த 10 பேர் அதைவிட மோசம். இரண்டாவது தடவையும் அதில் ஒருவனுக்கு அடித்துவிட்டால் போதும். அவன் பேட்டை முழுக்க அந்த டிப்ஸ்காரரின் புகழ் பாடுவான். விளம்பரமே தேவையில்லை.

எல்லா டிப்ஸ்காரரும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுக்கக் கணக்குப் போட்டு, தானே நம்பி, சம்பாதித்ததை எல்லாம் தன் டிப்சிலேயே கட்டித் தொலைத்தவர்களும் உண்டு. அடுத்தவனுக்குக் குதிரை சொல்லிவிட்டு டீக்குக் காசு கேட்டவர்கள் அவர்கள்தான். நிச்சயமாக ஜெயிக்கிற குதிரை தெரிந்தவன் அதை ஒரு டீ விலைக்கு ஏன் விற்கிறான் என்று கேட்டவர்கள் கிண்டியில் மிகக் குறைவு.

காசு எங்கே போகிறது?

டோட் கவுண்டர் கணக்கு ரொம்பப் பேருக்குத் தெரியாது. எல்லாரும் கட்டிய காசை ஒரே பானையில் போட்டு, அதில் முதலில் கிளப் கமிஷனும் அரசாங்க வரியும் எடுத்துவிடுவார்கள். மிச்சத்தைத்தான் ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கு போடுவார்கள்.

மறுபடியும் ஒரு பேச்சுக்கு: பானையில் 1,000 ரூபாய். பிடித்தம் 250 போனால் மிச்சம் 750. ஜெயித்த குதிரை மேல் 10 ரூபாய் டிக்கெட் 30 விற்றிருந்தால் ஆளுக்கு 25 ரூபாய். 50 டிக்கெட் விற்றிருந்தால் 15 ரூபாய்தான். அதாவது எல்லாரும் கட்டுகிற 'பேவரைட்' ஜெயித்தால் கிடைப்பது பிசுக்கு. யாரும் சீண்டாத குதிரை ஜெயித்தால் அள்ளும். அந்தக் குதிரையை யாரும் சீண்டாததற்குக் காரணம், அது ஜெயிக்காது என்பதுதான்!

புக்கிகள் கணக்கு வேறு. "ஒண்ணுக்கு நாலு" என்று பலகையில் எழுதுவார்கள். கூட்டம் ஒரு குதிரை மேல் விழுந்தால் உடனே அழித்து விலையைக் குறைப்பார்கள். அதைப் பார்த்ததும் "உள்ள ஏதோ சேதி வந்திருக்கு" என்று மிச்சக் கூட்டமும் அங்கேயே பாயும். பல நேரம் அந்தச் சேதியைக் கிளப்பிவிட்டதே வாசலில் நின்ற டிப்ஸ்காரர்களாக இருக்கும்.

ரேஸ் முடிந்ததும் தரையெல்லாம் கிழிந்த டிக்கெட். அதைக் குனிந்து குனிந்து பொறுக்குகிறவர்கள் சிலர் இருப்பார்கள். ரிசல்ட்டில் 'அப்ஜெக்‌ஷன்' வந்து இரண்டாவது குதிரை முதல் ஆகிவிட்டால், அவசரப்பட்டு எறிந்த டிக்கெட்டுக்குக் காசு உண்டு. அந்த நப்பாசை.

பிரியாணிப் பொட்டலமும் அடகுச் சீட்டும்

அந்தக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு வேறு ஞாபகம். அப்பா ஜெயித்தால் கையில் பிரியாணிப் பொட்டலமும் மல்லிகைப் பூவும் இருக்கும். சீக்கிரம் வருவார், தெருமுனையிலேயே குரல் கேட்கும். தோற்றால் பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வருவார். பிள்ளைகள் தூங்கியிருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

சம்பளக் கவர் வீடு வந்து சேராத மாதங்களில் பித்தளைக் குடம் முதலில் போகும். அப்புறம் அண்டா. அப்புறம் கம்மல். அடகுச் சீட்டுகளைத் தகர டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, மீட்க முடியாமலே வட்டி கட்டிய அம்மாக்கள் கிண்டி, சைதாப்பேட்டை, வண்ணாரப்பேட்டை வீடுகளில் ஏராளம். ரேஸ் பேச்சை ஆசையாகப் பேசும் பெரியவர்கள் பலர், பக்கத்தில் வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்ததும் பேச்சை மாற்றிவிடுவது சும்மா இல்லை.

1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு நீண்டது. 1996 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. குதிரை ரேஸ் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, பார்த்துக் கட்டுகிறவரின் அறிவு எல்லாம் சேர்ந்த திறமை விளையாட்டு, அதனால் சூதாட்டம் ஆகாது என்றது. 1986 சட்டம் செல்லாமல் போனது.

தீர்ப்பு சரிதான். ஆனால் வாசலில் "அஞ்சாம் நம்பர்" என்று கேட்டுக் கட்டினவனின் திறமை அதில் எங்கே இருந்தது? திறமை புத்தகத்தில் இருந்தது. புத்தகம் படிக்கத் தெரியாதவன் நம்பிக்கையை விலைக்கு வாங்கினான்.

அதற்கப்புறம் டி.வி. வந்தது. பெங்களூர், ஐதராபாத், மும்பை ரேசுக்கும் கிண்டியில் நின்றபடியே கட்டலாம் என்று ஆனது. குதிரை கண்ணெதிரே ஓடவேண்டிய அவசியமே இல்லை. செல்போன் வந்ததும் டிப்ஸ்காரர் எஸ்.எம்.எஸ்.சுக்கு மாறினார். 80 பேருக்கு எட்டு விதமாக அனுப்புவது இன்னும் சுலபம் ஆயிற்று! 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை வந்தபோதும் ரேஸ் தப்பித்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து ரேசை 28 சதவீத வரிப் பட்டியலில் சேர்த்ததும்தான் அடி பலமாக விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம்.

நிலத்துக் கதை தனி. 1946-ல் போட்ட 99 வருடக் குத்தகை, சுமார் 160 ஏக்கர், வருட வாடகை ரூ.614. மாதம் கணக்குப் போட்டால் 51 ரூபாய் சொச்சம். 2023 மார்ச்சில் வாடகை பாக்கி ரூ.730 கோடியைக் கட்டச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 செப்டம்பர் 9-ந் தேதி தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவிப்பு வந்தது. வேளச்சேரி பக்கம் வெள்ளத்தைக் குறைக்க உள்ளே குளங்களும் வெட்டப்பட்டன. கிளப் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது.

ரேஸ் கோர்சை ஒட்டி 'ஐந்து பர்லாங் ரோடு' என்றே ஒரு ரோடு உண்டு. ஒரு பர்லாங் என்றால் சுமார் 200 மீட்டர். அந்த ரோட்டில் பஸ்சுக்கு நிற்கிற பழைய ஆளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த வருடம் எந்தக் குதிரை எத்தனை நீளத்தில் ஜெயித்தது என்று மளமளவென்று சொல்வார். மொத்தத்தில் எவ்வளவு போச்சு என்று கேட்டால், "அதெல்லாம் யார் தம்பி கணக்கு வெச்சா" என்று பஸ்சைப் பார்ப்பார்.