மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு

மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு, சுருக்கமாக விலேன், என்பது ஒரே சுவிட்ச்சிலோ தம்முள் இணைக்கப்பட்ட பல சுவிட்ச்சுகளிலோ உள்ள கணினிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறையாகும். ஒரு கணினி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பதை அது அமைந்துள்ள இடம் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலும் அது இணைந்துள்ள போர்ட்டுக்கு வழங்கப்பட்ட எண்ணே தீர்மானிக்கிறது. இதற்கான 802.1கியூ என்னும் பொதுத்தரத்தை ஐ.இ.இ.இ. அமைப்பு 1998 ஆம் ஆண்டு வெளியிட்டது.

தேவை

சாதாரண சுவிட்ச் ஒன்று, அனைவருக்கும் பொதுவாக அனுப்பப்படும் பரப்புச் செய்திகளை, அவை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். கணினிகள் பெருகும்போது இச்சுமையும் பெருகும். மேலும், ஒரே வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியும் மற்றொன்றை நேரடியாக அணுக முயலலாம்.

எடுத்துக்காட்டாக, காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி நகரில் ஒரு வளாகமும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில் மற்றொரு வளாகமும் உடைய ஒரு கல்லூரியைக் கருதுவோம். இரு வளாகங்களிலும் அலுவலகமும் மாணவர் கணினிக்கூடமும் உள்ளன. மதிப்பெண் பதிவேடு உள்ள அலுவலகக் கணினிகளை மாணவர் கணினிகள் அணுகலாகாது. ஆயினும் ஆற்றின் இருபுறமும் உள்ள அலுவலகங்கள் ஒரே வலையமைப்பாக இயங்க வேண்டும். அலுவலகத்திற்கு விலேன் 10, கணினிக்கூடத்திற்கு விலேன் 20 என வழங்கினால், வளாகங்களுக்கிடையே ஒரே ஒளியிழை இணைப்பைக் கொண்டே இதனைச் செய்யலாம்.

செயற்பாடு

ஓர் ஈதர்நெட் சட்டகம் சுவிட்ச்சுகளுக்கிடையே செல்லும்போது 4 பைட்டு நீளமுள்ள அடையாளச்சீட்டு அதில் சேர்க்கப்படுகிறது. இதில் 12 பிட்டுகள் விலேன் எண்ணுக்கு உரியவை. இவற்றால் பெறப்படும் 4096 எண்களில் 0, 4095 ஆகியவை ஒதுக்கப்பட்டுள்ளமையால் 4094 எண்களைப் பயன்படுத்தலாம். சட்டகத்தின் உச்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 பைட்டாக உயர்கிறது.

போர்ட் முறைகள்

சிஸ்கோ சுவிட்ச்சுகளில் பின்வரும் முறைகள் உள்ளன.

* அக்சஸ்: கணினி, அச்சுப்பொறி போன்றவற்றுக்கு உரியது. ஒரு விலேனை மட்டும் சேர்ந்தது. சட்டகங்கள் அடையாளச்சீட்டின்றிச் செல்லும்.
* டிரங்க்: சுவிட்ச்சுகளை இணைப்பது. பல விலேன்களின் சட்டகங்கள் அடையாளச்சீட்டுடன் செல்லும். நேட்டிவ் விலேனின் சட்டகங்கள் மட்டும் இயல்பாகச் சீட்டின்றிச் செல்லும்.
* டைனமிக்: எதிர்முனையுடன் பேசி முறையைத் தானே தெரிவு செய்வது. இதில் ஆட்டோ, டிசைரபிள் என இரு வகைகள் உண்டு. இரு முனைகளும் ஆட்டோ எனின் டிரங்க் உருவாகாது.

அமைக்கும் முறை

1. இரு சுவிட்ச்சுகளிலும் ‘விலேன் 10’, ‘விலேன் 20’ ஆகியவற்றை உருவாக்குக.
2. அலுவலகப் போர்ட்டுகளில் ‘சுவிட்ச்போர்ட் மோட் அக்சஸ்’, ‘சுவிட்ச்போர்ட் அக்சஸ் விலேன் 10’ என்னும் கட்டளைகளை இடுக. கணினிக்கூடப் போர்ட்டுகளுக்கு 20 என இடுக.
3. ஒளியிழை இணையும் போர்ட்டில் ‘சுவிட்ச்போர்ட் மோட் டிரங்க்’, ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலேன் 10,20’ என இடுக.
4. ‘ஷோ விலேன் பிரீஃப்’, ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ ஆகியவற்றால் சரிபார்த்து, அமைப்பைச் சேமிக்குக.

பின்னர் விலேன் 30 ஐச் சேர்க்க விரும்பினால் ‘அலவ்ட் விலேன் ஆட் 30’ என்றே இடவேண்டும். ‘ஆட்’ என்னும் சொல் விடுபட்டால் பழைய பட்டியல் நீங்கி 30 மட்டுமே எஞ்சும். இரு வளாகங்களுக்கிடையே 10, 20 ஆகிய விலேன்களின் தொடர்பு அறுபடும்.

இடைப்பட்ட இணைப்பைத் தொலைதொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்றிருப்பின், அது அடையாளச்சீட்டுகளை மாற்றாமல் கடத்துவதாக இருத்தல் வேண்டும். ரவுட்டர் வழியான இணைப்பு சாதாரணமாக அவற்றைக் கடத்தாது.

விலேன்களுக்கிடையே தொடர்பு

விலேன் 10 இலிருந்து 20 க்குச் செய்தி செல்ல ரவுட்டரோ மூன்றாம் அடுக்குச் சுவிட்ச்சோ தேவை. யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை என்னும் விதிகள் அங்கேயே எழுதப்படுகின்றன. விதிகள் எழுதாமல் வழியை மட்டும் திறந்துவிட்டால், விலேன்களாகப் பிரித்தும் மதிப்பெண் பதிவேட்டுக்குக் காப்பில்லை.

பாதுகாப்பு

இருமுனைகளிலும் நேட்டிவ் விலேன் வேறுபட்டால், சீட்டற்ற சட்டகங்கள் ஒரு விலேனிலிருந்து மற்றொன்றுக்குக் கசியக்கூடும். நேட்டிவ் விலேனில் உள்ள ஒருவர் இரட்டைச் சீட்டுடைய சட்டகத்தை அனுப்பினால், முதற்சுவிட்ச் வெளிச்சீட்டை நீக்க, அடுத்த சுவிட்ச் உட்சீட்டின்படி அதனை வேறு விலேனில் சேர்க்கும். எனவே நேட்டிவ் விலேனுக்கு வேறெங்கும் பயன்படாத எண்ணை வழங்குவதும், பயனர் போர்ட்டுகளை அக்சஸ் முறையில் நிலைப்படுத்துவதும், பயன்படாத போர்ட்டுகளை மூடிவைப்பதும் நடைமுறையாகும்.

இவற்றையும் பார்க்க

* ஈதர்நெட்
* ரவுட்டர்
* தீச்சுவர்